அருளின் தெரிவும் மனித விருப்பும்: டோர்ட் மாமன்றம் தரும் வரலாற்றுப் பாடம்

மனிதன் தன் வாழ்வைத் தானே தேர்ந்து நடத்துகின்றானா, அன்றி முன்பே வகுக்கப்பட்ட வழியில் நடத்தப்படுகின்றானா என்னும் வினா மிகத் தொன்மையானது. கிறித்தவ சமயத்தில் இவ்வினா மீட்பு என்னும் கொள்கையோடு பின்னிப் பிணைந்து கிடக்கின்றது. பாவத்தினின்று மீட்கப்படுவோரைத் தெரிந்தெடுப்பவன் இறைவன் ஒருவனேயா? அவ்வாறாயின் மனிதனின் நம்பிக்கைக்கும் முயற்சிக்கும் என்ன பொருள்? அன்றி, இறைவன் நீட்டும் அருளை ஏற்கவோ மறுக்கவோ மனிதனுக்கு உரிமை உண்டா? அவ்வாறாயின் மீட்பின் இறுதி முடிவு இறைவன் கையில் உள்ளதா, மனிதன் கையில் உள்ளதா?

இதனை மறைக் கல்லூரிகளுக்கு மட்டுமே உரிய நுண்வாதம் என்று கருதிவிடலாகாது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்துக் குடியரசை உள்நாட்டுப் போரின் விளிம்புக்கே இவ்வினா இழுத்துச் சென்றது. ஒரு பேரமைச்சரின் தலை வீழ்ந்ததிலும், போதகர் பலர் நாடிழந்ததிலும் இதற்குப் பங்கு உண்டு. அவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்கும் டோர்ட் மாமன்றத்தைப் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் வேர்கள்

திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரமே இவ்வாதத்தின் ஊற்றுக்கண் எனலாம். ஏசாவும் யாக்கோபும் பிறந்து நன்மை தீமை எதுவும் செய்வதற்கு முன்னரே இளையவன் தெரிந்தெடுக்கப்பட்டதை அங்குப் பவுல் எடுத்துக்காட்டுகிறார். குயவனை நோக்கிக் களிமண் கேள்வி கேட்கலாகுமோ என்றும் வினவுகிறார். ஆயின், எல்லா மாந்தரும் மீட்புப் பெறுவதே இறைவனின் விருப்பம் என்னும் கருத்தும் புதிய ஏற்பாட்டிலேயே இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்திக் காண்பது என்பதில்தான் அறிஞர்கள் வேறுபட்டனர்.

ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் இப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீனுக்கும் (354–430), பிரித்தானியாவிலிருந்து உரோமைக்கு வந்த துறவியான பெலாஜியசுக்கும் இடையே முதற்பெரும் வாதம் மூண்டது. இறைவன் கட்டளையிட்டான் எனில் அதனை நிறைவேற்றும் ஆற்றலையும் மனிதனுக்குத் தந்திருக்கவே வேண்டும் என்றார் பெலாஜியஸ். மனித விருப்பமே பாவத்தால் பழுதுற்றது. அருள் முற்பட்டு வந்து தொட்டாலன்றி நன்மையை விரும்பவும் மனிதனால் இயலாது என்றார் அகுஸ்தீன். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியசின் கருத்துகளை மறுத்து ஒதுக்கியது. 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் அருளின் முதன்மையை வலியுறுத்தியது. எனினும் தீமைக்கென்றே இறைவன் சிலரை முன்குறித்தான் என்னும் கூற்றை அது ஏற்க மறுத்துவிட்டது.

ஆயிரம் ஆண்டுகள் கழிந்து, சமயச் சீர்திருத்தக் காலத்தில் இவ்வாதம் மீண்டும் உயிர்பெற்றது. 1524இல் எராஸ்மஸ் மனித விருப்பின் உரிமையை நிலைநாட்டி ஒரு நூல் இயற்றினார். அடுத்த ஆண்டே மார்ட்டின் லூத்தர் அவ்விருப்பு அடிமைப்பட்டது என்று மறுப்பு நூல் எழுதினார். பின்னர் ஜெனீவா நகரில் பணியாற்றிய ஜான் கால்வின் (1509–1564), இறைவன் தன் நித்திய தீர்மானத்தால் சிலரை வாழ்வுக்கும் சிலரை அழிவுக்கும் முன்குறித்தான் என்று தம் பெருநூலில் தெளிவுற எழுதி வைத்தார். அவருக்குப் பின் வந்த பேசா அக்கோட்பாட்டைத் தருக்க முறையில் மேலும் இறுக்கமாக்கினார். அந்தப் பேசாவிடம் கற்ற மாணவர் ஒருவரே பிற்காலத்தில் அதனை வினாவுக்கு உட்படுத்தினார்.

அர்மீனியசின் வாழ்வும் வினாவும்

யாக்கோபஸ் அர்மீனியஸ் 1560ஆம் ஆண்டையொட்டி ஒல்லாந்து மாநிலத்தின் ஔடவாட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தவர். 1575இல் அவர் செருமானிய நாட்டின் மார்பர்க் நகரில் இருந்த வேளையில், இசுபானியப் படை ஔடவாட்டரைத் தாக்கி ஊராரைக் கொன்று குவித்தது. தாயும் உடன்பிறந்தாரும் அப்படுகொலையில் மாண்டனர். ஆதரவற்ற அவ்விளைஞரைப் பிறர் அன்புடன் கல்வி கற்பித்து ஆளாக்கினர். புதிதாகத் தோன்றிய லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1576இல் சேர்ந்தார்; பின்னர் ஜெனீவாவில் பேசாவிடம் பாடங்கேட்டார்; 1588இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் போதகரானார்.

உரோமையர் திருமுகத்தைத் தொடர்ந்து விளக்கிச் சொற்பொழிவு ஆற்றியபோதுதான் அவர் கருத்துகள் ஐயத்துக்குள்ளாயின. உடன் பணிபுரிந்த போதகர் சிலர், அவர் சீர்திருத்தத் திருச்சபையின் நெறியினின்று விலகுகிறார் எனக் குற்றஞ்சாட்டினர். ஆயினும் அவர்தம் அறிவும் ஒழுக்கமும் மதிக்கப்பட்டன. கொள்ளைநோய் பரவிய நாள்களில் நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்று ஆறுதல் கூறிய போதகர் அவர். அதே கொள்ளைநோயால் 1602இல் லெய்டன் பேராசிரியர் ஒருவர் இறக்கவே, அவ்விடத்துக்கு 1603இல் அர்மீனியஸ் அமர்த்தப்பட்டார். அங்கு முன்னமே பேராசிரியராக இருந்தவர் பிரான்சிஸ்கஸ் கோமாரஸ் (1563–1641). ஒரே கல்விக்கூடத்தில், ஒரே மாணவர்களுக்கு, ஒரே திருமுகத்தை இருவரும் இருவேறு வகையாக விளக்கினர். மாணவர்களும் இரு பிரிவாயினர்.

இருவரும் எதனைக் காக்க முனைந்தனர்?

இவ்விருவரின் வேறுபாட்டைச் சரியாக உணர்தல் வேண்டும். மனிதன் தன் ஆற்றலால் மீட்பை ஈட்டிக்கொள்ளலாம் என்று அர்மீனியஸ் ஒருபோதும் கூறவில்லை. அருளின்றி மனிதன் இறைவன் பக்கம் திரும்பவே இயலாது என்பதில் அவரும் உறுதியாக இருந்தார். வேறுபாடு தோன்றிய இடம் வேறு. இறைவன் ஒருவனைத் தெரிந்தெடுத்தமையால் அவன் நம்புகின்றானா? அன்றி, அருளின் துணையால் அவன் நம்புவான் என்பதை முன்னறிந்து இறைவன் அவனைத் தெரிந்தெடுத்தானா? முன்னதே சரி என்றார் கோமாரஸ். பின்னதே சரி என்றார் அர்மீனியஸ்.

அர்மீனியஸ் தம் கருத்தை ஓர் உவமையால் விளக்கினார். செல்வன் ஒருவன் பசித்த இரவலனுக்குப் பொருள் ஈகின்றான். இரவலன் கைநீட்டி அதனை ஏற்கின்றான். அவன் கைநீட்டினான் என்பதற்காக அது ஈகை அல்ல என்று ஆகிவிடுமா? ஏற்கும் கை ஈட்டும் கை ஆகாது என்பதே அவர் கூற்றின் சாரம். மற்றொரு கோணத்திலிருந்தும் அவர் வினவினார். நம்ப இயலாதவாறே ஒருவனைப் படைத்துவிட்டு, நம்பாமைக்காக அவனைத் தண்டித்தால் இறைவன் நீதியுள்ளவன் ஆவானா? பாவத்தின் காரணம் இறைவனே என்று முடிந்துவிடாதா?

கோமாரசின் தரப்பிலும் வலுவான காரணங்கள் இருந்தன. ஒரே நற்செய்தியை இருவர் கேட்கின்றனர். ஒருவன் ஏற்கின்றான், ஒருவன் மறுக்கின்றான். வேறுபாட்டின் காரணம் மனிதனிடம் உள்ளது என்றால், ஏற்றவன் தன்னைத்தான் மெச்சிக்கொள்ள இடமுண்டாகும். மேலும், மனித உள்ளம் காற்றில் ஆடும் விளக்கைப் போன்றது. மீட்பு அவ்வுள்ளத்தின் உறுதியைச் சார்ந்தது எனில் எவன்தான் நிம்மதியாகக் கண்மூட முடியும்? இறைவனின் மாறாத தீர்மானத்தைச் சார்ந்தது எனில் எளியவனும் அச்சமின்றி இளைப்பாறலாம். ஆகவே ஒருவர் காக்க முனைந்தது இறைவனின் நீதியை. மற்றவர் காக்க முனைந்தது இறைவனின் ஈகையை.

வைணவ மரபை அறிந்த தமிழ் மாணவர்களுக்கு இங்கே குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும் நினைவுக்கு வரும். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியின் நெறியை வடகலையாரும், தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக் குட்டியின் நெறியைத் தென்கலையாரும் எடுத்துக்காட்டுவர். ஒப்புமை பொருத்தமுடையதே, ஆயினும் ஓரளவுக்குத்தான். சிலர் தெரிந்தெடுக்கப்படாமலே விடப்படுகின்றனர் என்னும் கூறுதான் ஐரோப்பிய வாதத்துக்கு அத்துணைக் கடுமையைத் தந்தது. அக்கூறு இவ்வுவமைகளில் இல்லை.

அறிவரங்கிலிருந்து அரசியலுக்கு

அர்மீனியஸ் 1609ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் நோயுற்று இறந்தார். வாதம் அவரோடு முடியவில்லை. 1610இல் யூட்டன்போகார்ட் என்னும் போதகரின் முன்முயற்சியால், அவர் வழி நின்றோர் ஐந்து கூற்றுகள் அடங்கிய முறையீடு ஒன்றை ஒல்லாந்து மாநில மன்றத்துக்கு அளித்தனர். அதனால் அவர்கள் முறையீட்டாளர் எனப் பெயர்பெற்றனர். எதிர்த்தரப்பினர் 1611இல் மறுப்பு முறையீடு அளித்து எதிர்முறையீட்டாளர் எனப்பட்டனர்.

அக்காலத்தில் நெதர்லாந்து இசுபானியாவுக்கு எதிராக நீண்ட விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தது. 1609இல் பன்னிரண்டு ஆண்டுக்காலப் போர்நிறுத்தம் ஏற்பட்டது. அதனை வகுத்தவர் ஒல்லாந்து மாநிலத்தின் தலைமை ஆலோசகரான யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட். படைத்தலைவரான மோரிஸ் இளவரசர் போர்நிறுத்தத்தை விரும்பவில்லை. திருச்சபை விவகாரங்களில் மாநிலத்துக்கே இறுதி அதிகாரம் என்று கருதிய ஓல்டன்பார்னவெல்ட் முறையீட்டாளருக்குப் பாதுகாப்பளித்தார். நாடு முழுமைக்கும் பொதுவான மாமன்றம் ஒன்றைக் கூட்டித் தீர்ப்பளிக்க வேண்டும் என்று எதிர்முறையீட்டாளர் கோரினர். இறையியல் பிளவும் அரசியல் பிளவும் இவ்வாறு ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

1617ஆம் ஆண்டு சூலையில் மோரிஸ் எதிர்முறையீட்டாளரின் வழிபாட்டில் வெளிப்படையாகக் கலந்துகொண்டு தம் சார்பை உணர்த்தினார். முன்குறிப்பு என்பது நீலமா பச்சையா என்றுகூடத் தமக்குத் தெரியாது என அவர் சொன்னதாக ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அது மெய்யோ பொய்யோ, அவரை ஈர்த்தது கோட்பாட்டினும் ஆட்சியே என மக்கள் கருதியதை அது காட்டுகிறது. ஆகஸ்டில் ஒல்லாந்து மாநிலம், நகரங்கள் தத்தமக்கெனக் கூலிப்படை திரட்டிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது. விருப்புரிமையைப் பேசியோரின் காவலரும் ஆயுதத்தையே நம்பினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1618 சூலையில் மோரிஸ் ஊட்ரெக்ட் நகரின் கூலிப்படையைக் கலைத்தார். ஆகஸ்டு 29ஆம் நாள் ஓல்டன்பார்னவெல்ட்டும், சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியசும் சிறைப்படுத்தப்பட்டனர். மாமன்றம் கூடும் முன்னரே அதன் முடிவுக்கு வழி செப்பனிடப்பட்டுவிட்டது.

டோர்ட் மாமன்றம்

1618ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் டோர்ட்ரெக்ட் நகரில் மாமன்றம் தொடங்கியது. நகரின் பெயர் சுருங்கி டோர்ட் என வழங்கும். நெதர்லாந்துப் போதகர்களும் பேராசிரியர்களும் மட்டுமன்றி, பிரித்தானியா, சுவிட்சர்லாந்து, ஜெனீவா, செருமானியச் சிற்றரசுகள் ஆகியவற்றின் பேராளர்களும் வந்திருந்தனர். பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையாரை அந்நாட்டு மன்னர் பதின்மூன்றாம் லூயி வரவிடாது தடுத்துவிட்டார். யோஹானஸ் போகர்மன் தலைவராக வீற்றிருக்க, 1619 மே மாதம் வரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்தன.

முறையீட்டாளர்கள் தம் பேராசிரியர் எப்பிஸ்கோப்பியசின் தலைமையில் வந்தனர். அவர்கள் சமநிலையில் வாதிட அழைக்கப்படவில்லை. விளக்கமளித்துத் தீர்ப்பைப் பெறவே அழைக்கப்பட்டிருந்தனர். தம்மீது குற்றஞ்சாட்டியவர்களே நடுவர்களாக அமர்ந்திருப்பது முறையன்று என்று அவர்கள் மறுத்துரைத்தனர். வாரக்கணக்கில் நடைமுறை பற்றியே சச்சரவு நீண்டது. இறுதியில் 1619 சனவரி 14ஆம் நாள் போகர்மன் கடுஞ்சொற்களால் கடிந்து அவர்களை வெளியேற்றினார். அதன்பின் அவர்களின் நூல்களைக்கொண்டே மாமன்றம் அவர்களை ஆராய்ந்தது.

ஏப்ரலில் முடிவுகள் ஒப்பமிடப்பட்டு, மே 6ஆம் நாள் பொதுமக்கள் முன்னிலையில் அறிவிக்கப்பட்டன. முறையீட்டின் ஐந்து கூற்றுகளுக்கும் விடையாக அவை அமைந்தன. தெரிந்தெடுப்பு மனிதனிடம் முன்னறிந்த நம்பிக்கையைச் சார்ந்ததன்று. கிறித்துவின் பலியின் பயன் தெரிந்தெடுக்கப்பட்டோரிடமே நிறைவேறுகிறது. மனிதன் தன் ஆற்றலால் திரும்ப இயலாதவன். இறைவனின் அருள் தன் நோக்கத்தில் தோற்பதில்லை. தெரிந்தெடுக்கப்பட்டோர் இறுதிவரை காக்கப்படுவர் என்பன அவற்றின் சுருக்கம்.

இம்முடிவுகளைப் படிக்காமலே கொடியவை எனத் தள்ளுவோர் உண்டு. அது நேர்மையன்று. அருள் மனிதனை மரக்கட்டையைப் போலும் கல்லைப் போலும் நடத்துவதில்லை. அவன் விருப்பத்தை அழிக்காமல் உயிர்ப்பிக்கிறது என்று அம்முடிவுகளே கூறுகின்றன. மழலைப் பருவத்தில் இறந்த தம் மக்களின் மீட்பைப் பற்றி இறைப்பற்றுடைய பெற்றோர் ஐயுற வேண்டா என்றும் ஆறுதல் சொல்கின்றன. கொள்ளைநோய் தொட்டிலையும் விட்டுவைக்காத அக்காலத்தில் அவ்வொரு வரியின் அருமையைப் பெற்றோர் உணர்ந்திருப்பர். மேலும், கோமாரசின் மிகக் கடுமையான கருத்தைக்கூட மாமன்றம் தன் சொற்களில் ஏற்கவில்லை; படைப்புக்கும் முற்பட்ட தெரிவைப் பேசாது, வீழ்ந்துபோன மனிதகுலத்தினின்று இறைவன் தெரிந்தெடுத்தான் என்றே எழுதியது.

மாமன்றத்தின் மற்றொரு தீர்மானம் மொழி ஆசிரியர்கள் அறியத்தக்கது. விவிலியத்தை மூலமொழிகளிலிருந்து டச்சு மொழியில் புதிதாகப் பெயர்க்க அது முடிவு செய்தது. 1637இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு, வட்டாரந்தோறும் வேறுபட்டிருந்த டச்சு மொழி ஒரு பொதுவான எழுத்துநடை பெறத் துணைநின்றது.

வாளின் தீர்ப்பு

முடிவுகள் அறிவிக்கப்பட்ட ஒரு வாரத்தில், 1619 மே 13ஆம் நாள், ஓல்டன்பார்னவெல்ட் தி ஹேக் நகரில் தலைவெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 71. இருபத்துநான்கு நடுவர் கொண்ட தனி மன்றம் அத்தீர்ப்பை வழங்கியது. குற்றம் ஒப்பியதாகிவிடும் என்பதால் அவரும் அவர் குடும்பத்தாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏறத்தாழ 200 போதகர்கள் பதவியிழந்தனர். இனிப் போதிப்பதில்லை என்று கையொப்பமிட மறுத்தோர் நாடு கடத்தப்பட்டனர். ஆயுள் சிறை பெற்ற குரோஷியஸ், 1621இல் தம் மனைவியின் சூழ்ச்சித் திறத்தால், நூல்கள் கொண்டுவரும் பெட்டிக்குள் ஒளிந்து லூவஸ்டைன் கோட்டையிலிருந்து தப்பினார். போரும் அமைதியும் பற்றிய அவருடைய புகழ்பெற்ற சட்டநூல் 1625இல் பாரிசில் வெளிவந்தது.

இலக்கியமும் வாய்மூடி இருக்கவில்லை. டச்சு மொழியின் பெருங்கவிஞர் வோண்டெல், பொய்க்குற்றம் சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட கிரேக்க வீரன் பாலமீடசின் கதையை 1625இல் நாடகமாக்கினார். அவ்வீரன் யார் என்பது படித்தோர்க்கெல்லாம் விளங்கிற்று. நீதிமன்றம் கவிஞருக்கு 300 கில்டர் தண்டம் விதித்தது.

அதே ஆண்டில் மோரிஸ் இறந்தார். அவருக்குப்பின் வந்த தம்பியார் பிரெடரிக் ஹென்றி கடுமை காட்டவில்லை. நாடு கடத்தப்பட்டோர் ஒவ்வொருவராகத் திரும்பினர். 1630இல் ஆம்ஸ்டர்டாமில் முறையீட்டாளரின் தேவாலயம் எழுந்தது. 1634இல் அவர்தம் இறையியல் கல்விக்கூடம் தொடங்கியது; எப்பிஸ்கோப்பியசே அங்கு ஆசிரியராக அமர்ந்தார். வாளால் அடைக்கப்பட்ட வாய் பதினைந்து ஆண்டுக்குள் மீண்டும் பேசியது.

இரு நெறிகளும் நம் கரையில்

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1602இல் சிதறிக்கிடந்த வணிகக் குழுக்களை ஒன்றிணைத்து டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியை உருவாக்குவதில் முன்னின்றவர் இதே ஓல்டன்பார்னவெல்ட். 1641இல் அக்கும்பினி மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது. டோர்ட் மாமன்றத்தின் நெறி நின்ற சீர்திருத்தத் திருச்சபையும் அதனோடு இங்கு வந்தது. 1753இல் கட்டிமுடிக்கப்பட்ட மலாக்கா கிறிஸ்து தேவாலயம் அதன் சான்றாக இன்றும் நிற்கிறது.

அர்மீனியசின் நெறி வேறு வழியாக வந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி அந்நெறியைத் தழுவினார். 1778இல் அர்மீனியசின் பெயரிலேயே ஓர் இதழையும் தொடங்கினார். அவருடைய வழிவந்த மெதடிஸ்டுகள் 1885இல் சிங்கப்பூரில் பணி தொடங்கினர்; அடுத்த ஆண்டே ஒரு பள்ளியையும் நிறுவினர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் கிறித்தவர் பலர் அச்சபையில் வளர்ந்தவரே.

வெஸ்லியின் வரலாறு நம் ஆய்வுக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது. அவருடைய நெருங்கிய தோழரான ஜார்ஜ் ஒயிட்பீல்டு கால்வினின் நெறியினர். 1739இல் வெஸ்லி முன்குறிப்பைக் கண்டித்துப் பேசியபோது இருவரும் கடுமையாக மோதினர். தனித்தனி வழியில் பிரிந்தனர். ஆயினும் காலப்போக்கில் நட்பு மீண்டது. 1770இல் ஒயிட்பீல்டு அமெரிக்காவில் இறந்தபோது, அவர் முன்னரே விரும்பியவாறு இலண்டனில் நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவர் வெஸ்லியே. வினா அதே வினாதான். இருவரில் எவரும் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவுமில்லை. ஆனால் அங்கே தலை எதுவும் வீழவில்லை.

முடிவுரை

இறைவனின் தெரிவா, மனிதனின் விருப்பா என்னும் வினாவுக்கு டோர்ட் மாமன்றம் ஒரு விடையை எழுதியது. அவ்விடையை மெய்யென ஏற்போரும் மறுப்போரும் இன்றும் உலகெங்கும் உள்ளனர். எத்தரப்பு சரி என்று தீர்ப்பளிப்பது வரலாற்று மாணவனின் பணியன்று. ஆனால் ஒன்றை அவன் துணிந்து கூறலாம். எல்லாம் இறைவனின் தீர்மானம் என்று நம்பியோர், அத்தீர்மானம் நிறைவேற இளவரசரின் படையை நாடியிருக்க வேண்டியதில்லை. மனித உள்ளம் உரிமையுடையது என்று நம்பியோர், அவ்வுரிமையைக் காக்கக் கூலிப்படையை ஏற்றிருக்க வேண்டியதில்லை. தாம் போதித்த கோட்பாட்டின்மீதே இரு தரப்பாருக்கும் நம்பிக்கை குறைந்த கணத்தில்தான் வாள் உறையைவிட்டு வெளிவந்தது.

லெய்டனில் இரு பேராசிரியர்கள் இரு வகையாகக் கற்பித்தது குற்றமன்று. ஒருவர் இறைவனின் நீதிக்காகவும் மற்றவர் இறைவனின் ஈகைக்காகவும் பேசினர் என்பதை இருபுறத்து மாணவர்க்கும் எடுத்துச்சொல்வார் குறைந்ததே குற்றம். எதிர்த்தரப்பின் வலிமையான காரணத்தை முதலில் எடுத்துரைத்துவிட்டுப் பின்னரே அதனை மறுக்கும் பழக்கம் நம் உரையாசிரியர்களுக்குப் புதியதன்று. வகுப்பறைகளில் அப்பழக்கம் நிலைக்கும்வரை, எத்துணைக் கடினமான வினாவும் மன்றத்தைவிட்டுக் கொலைக்களத்துக்குச் செல்லாது.